கேள்வியையும் கட்டளையையும் அயற்கூற்றாக்கினால் என்ன பெயர்?

அம்பாசமுத்திரம், ஆங்கில ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்று தயாரிக்கிறோம்; விளக்கம் முழுக்கத் தமிழில். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். நேர்க்கூற்று, அயற்கூற்று இரண்டும் பழகிய பெயர்கள், அதில் சிக்கல் இல்லை. அயற்கூற்றுக்குள் வரும் கேள்வி, கட்டளை என்ற இரண்டு பிரிவுகளுக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

'வேர் ஆர் யூ கோயிங்?' என்று கொடுத்து மாற்றச் சொன்னால், 'ஹி ஆஸ்க்டு மீ வேர் வாஸ் ஐ கோயிங்?' என்று எழுதிக் கேள்விக்குறியும் போட்டுவிடுகிறார்கள். காலத்தை மாற்றத் தெரிகிறது, 'யூ' 'ஐ' ஆவதும் தெரிகிறது. 'வேர் ஐ வாஸ் கோயிங்' என்று முன்பின்னாக மாற்றத் தோன்றவில்லை. தமிழில் 'எங்க போற' அப்படியே நிற்க, 'ன்னு கேட்டாவ' வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பழக்கம்தான். இனி அது கேள்வி இல்லை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'அயற்கூற்று வினா', 'அயற்கூற்று ஏவல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், எனக்கு 'அயல்' என்பதே உறுத்துகிறது. நேற்று நான் கேட்டதை இன்று நானே திருப்பிச் சொன்னால் அதில் அயலார் யார்?

நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. அகப்பாட்டில் ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன் போன்றோருக்குத் தனிக் கூற்று கிடையாது. அவர்கள் பேச்சு 'கொண்டெடுத்து மொழியப்படும்' என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். அதாவது அவர்கள் சொன்னது இன்னொருவர் வாய்வழியாகத்தான் நமக்கு வரும். அயற்கூற்றை ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்பதும் இதுதானே? சுருக்கி 'எடுத்துமொழி' என்று வையுங்கள்: வினா எடுத்துமொழி, ஏவல் எடுத்துமொழி.

'கூற்று' என்பதையும் பாருங்கள். ஒருவர் வாயிலிருந்து வரும் பேச்சு கூற்று. அதை ஏந்திக்கொண்டு போவது எடுத்துமொழி. இரண்டும் வேறு வேறு வேலை.

தென்காசி, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணாச்சி, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் 'எடுத்து' என்றதும் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று: ஒருவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் போட்டாலும் அது எடுத்துமொழிதானே? அப்படியானால் நேர்க்கூற்றும் அதற்குள் வந்துவிடும். எதைப் பிரிக்கவேண்டுமோ அதை இந்தச் சொல் பிரிக்கவில்லை. 'ரிப்போர்ட்டட் கொஸ்டின்', 'ரிப்போர்ட்டட் கமாண்ட்' என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிடலாம். பரீட்சையில் காணப்போவதும் அதைத்தானே.

வள்ளியூர், மொழியியல் மாணவர்:

கட்டளைக்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்று நினைக்கிறேன். 'வா என்று சொன்னார்', 'வரச் சொன்னார்' இரண்டும் நம்மிடம் உண்டு. தெருவில் விளையாடும் அண்ணனிடம் ஓடிப்போய்த் தங்கச்சி என்ன சொல்லும்? 'அம்மா ஒன்னய வரச் சொன்னாவ.' 'டோல்டு ஹிம் டு கம்' அச்சு அசலாக இதுதான். 'டு கம்' இருக்கும் இடத்தில் நம் 'வர' நிற்கிறது. 'வரச் சொல்லல்' என்று தலைப்பிட்டால் பிள்ளை விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எதிர்மறையில் மட்டும் இது உதவாது. 'டோல்டு ஹிம் நாட் டு கோ' என்பதைப் 'போக வேண்டாம்னு சொன்னாவ' என்றுதான் சொல்வோம். அதைத் தனியாக எச்சரிக்க வேண்டும்.

இன்னொன்று. 'குட் யூ ஓபன் த டோர்?' என்பது எந்தப் பிரிவு? வடிவம் கேள்வி, மாற்றும்போது 'ஹி ஆஸ்க்டு மீ டு ஓபன் த டோர்' என்று கட்டளை வழியில் போகிறது. நன்னூலின் ஆறு வினாக்களில் ஏவல் வினா என்று ஒன்று உண்டு, பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிப்பதுதான். அந்தப் பெயரை அப்படியே இங்கே கொண்டுவரலாம்.

பாளையங்கோட்டை, தமிழாசிரியர்:

தம்பி சொன்ன ஏவல் வினா மிகச் சரி. அதோடு ஈ, தா, கொடு மூன்றையும் சேருங்கள். இழிந்தோன் கேட்டால் ஈ, ஒப்போன் கேட்டால் தா, உயர்ந்தோன் கேட்டால் கொடு என்று தொல்காப்பியர் பிரித்தார். ஆங்கிலத்தில் 'பெக்டு', 'ஆஸ்க்டு', 'ஆர்டர்டு' மூன்றில் எதைப் போடுவது என்று பிள்ளை திணறுமிடம் அதுவே. யார் யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தால் வினைச்சொல் கிடைத்துவிடும். எடுத்துமொழியை நான் விடுவதாக இல்லை.

தென்காசி, மொழிபெயர்ப்பாளர்:

'மறுகூற்று' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மறுப்பு என்று படும், வேண்டாம்.

அம்பாசமுத்திரம், ஆங்கில ஆசிரியை:

அயற்கூற்று பிள்ளைகளுக்குப் பழகிய பெயர், அச்சகத்திலிருந்தும் கேட்டுவிட்டார்கள். சரி, சொற்களை மட்டும் முன்பின்னாக மாற்றி 'வினாவின் அயற்கூற்று', 'ஏவலின் அயற்கூற்று' என்று போடுகிறேன். நான் முதலில் எழுதியதில் கடைசியில் நின்றது வினா. இதில் நிற்பது கூற்று. கேள்விக்குறி போகும் என்று இதைக் காட்டியே சொல்லிவிடலாம். 'வரச் சொன்னாவ' முதல் எடுத்துக்காட்டாக வருகிறது, 'ஏவல் வினா'வும் தனிப் பெட்டியில் வருகிறது.

பாளையங்கோட்டை, தமிழாசிரியர்:

போடுங்கள் டீச்சர், நேரம் இல்லை. ஆனால் 'அயல்' தவறு என்ற என் கருத்து இந்த இழையில் பதிவாக இருக்கட்டும். அடுத்த பதிப்புக்கு முன் செய்யுளியல் நூற்பாவை உரையோடு தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.