'முற்போக்கு ராக்' வேண்டாம் என்றால் வேறென்ன? வெள்ளிக்குள் சொல் தேவை

மஞ்சக்குப்பம், தமிழாசிரியை (திங்கள் இரவு)

குழுவினர்க்கு வணக்கம். ஆங்கில இசைச் சொற்கள் சிலவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன். என் தம்பி எங்கள் வீட்டு மாடியறையிலேயே ஏழு பாட்டுகளைப் பதிந்து முடித்திருக்கிறான். இணையத்தில் வாராவாரம் வரும் மாயாஜாலக் காமிக்ஸ்களைப் படித்து, அந்த உலகங்களுக்காக அமைத்த இசை. இரண்டு வருட உழைப்பு. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரவு பதினொன்றுக்கு மேல் ஊர் அடங்கிய பிறகுதான் பதிவு. கிதார்க் கம்பியில் வியர்வை சொட்டும். ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிப்பான். மூன்றாம் பாட்டின் முடிவில் தூரத்து ரயில் ஊதல் ஒன்று புகுந்துவிட்டது. சுருதி சேர்ந்திருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டான்.

இதற்குத் தமிழில் நான்கு பக்கக் கையேடு எழுதுவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஹோம் ரெக்கார்டிங், ஃபேன்டஸி, வெப்காமிக்ஸ், ப்ராக்ரஸிவ் ராக், ஆல்பம் எல்லாம் முதல் வாக்கியத்திலேயே வருகின்றன. 'முற்போக்கு ராக்' என்று எழுதிக் காட்டினேன். "எந்தக் கட்சி மேடைக்கு?" என்று அப்பா கேட்டார். உதவுங்கள்.

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியர் (திங்கள் நள்ளிரவு)

டீச்சர், அப்பா கேட்டது நியாயம். தமிழில் 'முற்போக்கு' அரசியலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சொல். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய இந்த இசை முன்னேற்ற நினைத்தது பாட்டின் வடிவத்தை. மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று பதினைந்து, இருபது நிமிடம் வரை நீட்டினார்கள். உள்ளே பல பகுதிகள், ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளங்கள். 1948இல் வந்த நீண்ட இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. இன்னொன்று, யாரும் 'பாறை இசை' என்று எழுதிவிடாதீர்கள். அந்த ராக் கல் இல்லை, ஆடுவது, அசைவது.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் (செவ்வாய் காலை)

அசைவதுதான் பொருள் என்றால் தமிழில் தேட வேண்டியதே இல்லை. தூங்குதல் என்பதன் பழம்பொருள் தொங்கி அசைதல். வானில் தொங்கி அசையும் கோட்டை தூங்கெயில், தொங்கும் கூடு கட்டுவது தூங்கணாங்குருவி. அசைந்து நடப்பதால் யானைக்கே தூங்கல் என்று பெயர். உங்கள் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் இருக்கும் கோயில் தூங்கானைமாடம். அங்கே தூங்குவது உறக்கமா, அசைவா என்பது தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. இதற்கெல்லாம் மேலாக, தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்லும் இருபது வண்ணங்களின், அதாவது பாட்டின் ஓசை வகைகளின், கடைசி நான்கு என்னென்ன? தூங்கல், ஏந்தல், உருட்டு, முடுகு. 'ராக் அண்ட் ரோல்' என்கிறார்களே, அந்த ராக்கும் ரோலும் தூங்கலாகவும் உருட்டாகவும் ஒரே வரிசையில் நிற்கின்றன! 'தூங்கலிசை' என்றே எழுதுங்கள். ஐந்து, ஏழு என்று வெட்டி வெட்டிப் போகும் தாளத்துக்கு 'அகைப்பு' பொருந்தும். அகைப்பு வண்ணம் அறுத்தறுத்து ஒழுகும் என்பதே நூற்பா. ஆக, 'அகைப்புத் தூங்கலிசை'.

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியர்

ஐயா, படிக்கும்போது சிலிர்த்தது. ஆனால் என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பையன்களிடம் 'தூங்கலிசை' என்றால் தாலாட்டு என்றுதான் நினைப்பார்கள். 'உருட்டு' என்றால் இன்றைக்குப் பொய் அளப்பது. கையேடு யாருக்கு? அந்தப் பையன்களுக்குத்தானே?

லாஸ்பேட்டை, பேராசிரியர்

தெரியாத சொல்லைப் பழக்கித்தான் தெரிந்த சொல்லாக்க வேண்டும் தம்பி. பேருந்தும் ஒருநாள் புதுச்சொல்தான்.

திருப்பாதிரிப்புலியூர், மிருதங்க ஆசிரியர் (செவ்வாய் மாலை)

பேருந்து எல்லாரும் தினம் ஏறுவது ஐயா, இது அப்படியில்லை. நான் தாளக்காரன், அந்த வழியில் சொல்கிறேன். டீச்சர் அனுப்பிய இரண்டாம் பாட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன். மிஸ்ர சாபு மாதிரி ஏழாகப் போகிறது, திடீரென்று ஐந்தாகிறது, கடைசி நிமிடத்தில் நான்கில் வந்து அமர்கிறது. நமக்கு இது புதிதா? திருப்புகழ்ச் சந்தங்களில் பழகிய காது இதில் தடுமாறாது. நாங்கள் இதை நடை மாறுவது என்போம். 'நடைமாறு ராக்' எப்படி?

முத்தியால்பேட்டை, கிதார் ஆசிரியர்

தாளம் மட்டும் மாறினால் சரி ஐயா. வாத்தியம், வேகம், மனநிலை எல்லாமே மாறுகின்றன. 'விரிநடை' என்றால் எல்லாம் அடங்குமா?

புதுச்சேரி, பிரெஞ்சு–தமிழ் மொழிபெயர்ப்பாளர் (புதன்)

விரிநடைக்கு என் ஓட்டு. மற்றவற்றைச் சீக்கிரம் முடிப்போம். காமிக்ஸுக்குப் 'படக்கதை'. தினத்தந்தியில் சிந்துபாத்தைத் தேடிப் படித்த எல்லாருக்கும் அது புரியும். பிரெஞ்சில் இதை 'வரைந்த பட்டை' என்பார்கள். தாளில் கட்டம் கட்டமாகப் பக்கவாட்டில் ஓடியது, கைபேசியில் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதற்குச் 'சுருள்கதை' என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆசைப்பட நேரமில்லை. 'இணையப் படக்கதை' போதும். ஃபேன்டஸிக்கு 'மிகுபுனைவு' என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள், கையேட்டுக்கு 'மாயக்கதை' நெருக்கமாக இருக்கும்.

மஞ்சக்குப்பம், தமிழாசிரியை

நன்றிங்க. ஹோம் ரெக்கார்டிங்குக்கு 'வீட்டுப் பதிவு' என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. 'மனைப்பதிவு' என்றால் இன்னும் மோசம். 'வீட்டிலேயே பதிந்த' என்று பெயரெச்சமாக வைத்துவிட்டேன். மீதி இருப்பது ஆல்பம். தொகுப்பு என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கியதுபோல ஒலிக்கிறது. இவன் ஏழையும் ஒரே கதையாகக் கோத்திருக்கிறான்.

லாஸ்பேட்டை, பேராசிரியர் (புதன் இரவு)

ஆல்பம் இலத்தீனில் வெள்ளைப் பலகை. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். பல தட்டுகளைப் புகைப்பட ஏடு மாதிரி உறைகளில் கோத்துக் கட்டியதால் அந்தப் பெயர் வந்தது. 'ஏடு' என்றே சொல்லலாம், ஆனால் உங்கள் சிக்கல் வேறு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தை எடுங்கள். செய்யுளை நான்கு வகையாக்குகிறது. முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனிப்பாட்டு முத்தகம். பல பாட்டு ஒரே வினையில் முடிந்தால் குளகம். பலவற்றைத் தொகுத்தால் தொகைநிலை. உங்கள் தம்பி செய்திருப்பது தொடர்நிலை. அதிலும் இரண்டு வகை. கதையால் தொடர்ந்தால் பொருள்தொடர்நிலை. ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமானால், அந்தாதிபோல, சொற்றொடர்நிலை.

மஞ்சக்குப்பம், தமிழாசிரியை

ஐயா, மூன்றாம் பாட்டு முடியும் அதே சுரத்தில், இடைவெளியே இல்லாமல் நான்காவது தொடங்குகிறது! தம்பியிடம் 'அந்தாதி' என்று சொன்னேன். அபிராமி அந்தாதி பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான். "இதுக்குப் பேர் இருக்கா!" என்று அறைக்குள் ஓடிப்போய் மறுபடி போட்டுக் கேட்டான்.

புதுச்சேரி, மொழிபெயர்ப்பாளர் (வியாழன்)

அப்படியானால் 'பொருள்தொடர் இசைத்தொகுப்பு'. இந்த விவாதத்தில் கிடைத்த நல்ல சொல் இதுதான். ராக்கை ராக்காகவே விடுவோம். இதே புதுச்சேரியில் பத்து ஆண்டு இருந்த பாரதி, மெம்பர் என்பதற்கு அவயவி, அங்கத்தான், சபிகன் என்றெல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் ஒத்துவராமல் மெம்பர் என்றே எழுதினார். பிறகு 'உறுப்பினர்' வந்து நிலைத்துவிட்டது. ராக்குக்கும் நேரம் வரும்.

மஞ்சக்குப்பம், தமிழாசிரியை (வியாழன் இரவு)

அச்சுக்குப் போவது இது: "இணையப் படக்கதைகளின் மாய உலகிலிருந்து பிறந்து, வீட்டிலேயே பதிந்த பொருள்தொடர் விரிநடை ராக் இசைத்தொகுப்பு." நீளம்தான். பாட்டும் நீளம்.

லாஸ்பேட்டை, பேராசிரியர் (வெள்ளி அதிகாலை)

வாக்கியம் நன்றாக இருக்கிறது. 'ராக்' எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுவின் பதிவுக்காக எழுதி வைக்கிறேன். நேற்றிரவு ஐந்தாம் பாட்டைக் கேட்டேன். ஆறாவது நிமிடத்தில் முரசும் கிதாரும் சேர்ந்து மெல்ல ஆடி வரும் இடம், யானை நடந்து வருகிற அதே அசைவு. அது தூங்கல்தான்.