மூன்று வகுப்பும் ஒரே அறையில்: வாரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

புதுச்சிலேட்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஜூனில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. நான்கு, ஐந்து வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். ஒன்றில் 6 பேர், இரண்டில் 5 பேர், மூன்றில் 8 பேர். மொத்தம் 19 குழந்தைகள், ஒரே அறை.

சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைக்கிற அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிக்குப் போய் வந்துவிட்டேன். ஆசிரியர் கையேடு இருக்கிறது, பிள்ளைகளிடம் பயிற்சி நூல் இருக்கிறது. பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்தது), மலர் (அதற்கும் மேல்) என்று பிரித்தும் ஆயிற்று. திங்கட்கிழமை எல்லாம் அழகாகத்தான் தொடங்குகிறது. பாட்டு, கதை, அப்புறம் எழுத்து. புதன்கிழமை மதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. மலர் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லும்போது அரும்பு சும்மா இருக்கிறது. அரும்பிடம் போய் உட்கார்ந்தால் மூன்றாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் ஏறுகிறார்கள்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்துச் சிலேட்டைக் காட்டியது. சிலேட்டு முழுக்க 'ப'. இரண்டு வாரமாக எழுத வராத எழுத்து. "அப்புறம் பார்க்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். மணி அடித்த பிறகு ஞாபகம் வந்து கேட்டால், "அழிச்சிட்டேன் டீச்சர்" என்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு பையன், மூன்றாம் வகுப்பு. அம்மா மளிகைக் கடை வைத்திருக்கிறார். நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை மனக்கணக்காகச் சொல்வான். ஆனால் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் வாசிக்க வராது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கால அட்டவணை என்னிடம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்றுதான் தெரிய வேண்டும்.

வேப்பமரத்தடி

டீச்சர், நானும் ஈராசிரியர் பள்ளிதான், ஒட்டன்சத்திரம் பக்கம். 21 வருடம் ஆகிறது, அதில் பெரும்பாலும் சின்ன வகுப்புகள்தான் கிடைத்தன, நானும் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். வாரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து திட்டமிடாதீர்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து திட்டமிடுங்கள். வெள்ளி காலை ஒவ்வொரு குழந்தையையும் தனியாக என் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று நிமிடம் கேட்பேன். உங்கள் 19 பேருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் மற்றவர்கள் படம் வரைவார்கள், களிமண் பிசைவார்கள், சத்தம் போட்டாலும் விட்டுவிடுவேன். பரீட்சை மாதிரி இல்லை. "இந்த வாரம் என்ன எழுதினே, காட்டு" என்பேன். இரண்டு சொல் வாசிக்கச் சொல்வேன், கொஞ்சம் புளியங்கொட்டையை எண்ணிப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்வேன். நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு வரிதான் குறிப்பு. திட்டத்துக்கான மொபைல் ஆப்பில் வருகிற மதிப்பீடு தனி, அது அதன்பாட்டுக்கு நடக்கட்டும். இந்த நோட்டுதான் அடுத்த வாரம் யார் பக்கத்தில் நான் உட்கார வேண்டும் என்று சொல்லும். 'ப' எழுதிய குழந்தை மாதிரி யாரும் ஒரு வாரத்துக்கு மேல் கண்ணில் படாமல் போக மாட்டார்கள்.

இரண்டாவது, மூன்று நிலைக்கும் மூன்று பாடம் தயாரிக்காதீர்கள், உடம்பு தாங்காது. வாரத்துக்கு ஒரு பொருள், ஒரு கதை, எல்லோருக்கும் ஒன்றாக. அப்புறம் வேலை மட்டும் மூன்று விதம். போன மாதம் நாங்கள் சந்தை வாரம் நடத்தினோம். எங்கள் ஊரில் காய்கறிச் சந்தை தெரியாத குழந்தையே கிடையாது. திங்கட்கிழமை வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு காய் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் உயரத்துக்கு ஒரு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு முருங்கைக்காய் சந்தைக்குப் போன கதையை நானே கட்டிச் சொன்னேன், வழியில் யாரைப் பார்த்தது என்று பிள்ளைகள் சேர்த்துக்கொண்டே போனார்கள். கதை முடிந்ததும் அரும்பு காயை வரைந்து முதல் சத்தத்தைச் சொன்னது. மொட்டு காயின் பெயரை அட்டையில் எழுதிக் காய்க்குப் பக்கத்தில் வைத்தது. மலர் கதையில் தனக்குப் பிடித்த இடத்தை மூன்று வரி எழுதியது. நான் அரும்பு பாயில் இருந்தேன். செவ்வாய் மொட்டு பாய், புதன் காலை மலர். இப்படிச் சுற்றி வருவேன்.

புதன் மதியம் எனக்கும் கலையும். அதனால் புதன் மதியம் அறைக்குள் வைத்துக்கொள்வதே இல்லை, மரத்தடிக்குப் போய்விடுவோம். குச்சி பொறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது அங்கேதான். 'இருபத்து மூன்று' எழுதச் சொன்னால் 203 என்று எழுதுகிற குழந்தை உங்களிடமும் இருக்கும். அது காதில் விழுந்தபடியே எழுதுகிறது: இருபது, அப்புறம் மூன்று. திட்டினால் மாறாது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 20 என்று ஓர் அட்டை, அதில் பாதி அகலத்தில் 3 என்று ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். சுழியத்தின் மேல் மூன்றை வைத்து மூடச் சொல்லுங்கள். 23 வந்துவிடும். பக்கத்தில் இரண்டு குச்சிக்கட்டும் மூன்று தனிக் குச்சியும். அட்டையைத் தூக்கிச் சுழியம் உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கு வருகிறேன். நான் முதலில் 'அ'வைத் தொடுவதில்லை. அதில் வளைவு அதிகம், சின்ன விரல் திணறும். ட, ப, ம. மூன்றுமே ஏறக்குறைய நேர்கோடு, மணலிலேயே எழுதிவிடலாம். புள்ளி வைத்தால் சத்தம் சுருங்கும் என்று காட்டிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் மாதமே சொல் வாசிக்கிற சந்தோஷம் வந்துவிடுகிறது.

ரொம்ப நாள் என்னைப் படுத்திய இடம் கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது காதில் 'க'தான் முதலில் விழுகிறது, கையோ கொம்பை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. ஆறு வயதுக்கு அது நியாயமாகவே படாது. அதனால் 'க'வை எழுதிவிட்டுப் பின்னால் கொம்பைக் கொண்டுபோய் ஒட்டுவார்கள். நான் மூன்று பேரைக் கூப்பிட்டு நிற்க வைப்பேன். நடுவில் நிற்பவர் 'க' அட்டை. ஒற்றைக் கொம்பு வந்து முன்னால் நின்றால் எல்லோரும் 'கெ' என்று கத்த வேண்டும். துணைக்கால் ஓடி வந்து பின்னால் நின்றால் 'கொ'. கொம்பு ஓடிப்போய்விட்டால் 'கா'. இரட்டைக் கொம்பு வந்தால் 'கோ'. அரை மணி நேரம் ஓடித் தீர்ப்பார்கள். இதற்கு மூன்று நிலைக் குழந்தைகளும் சேர்ந்தே வரலாம்.

உங்கள் கடைப் பையனுக்கு 'மரம்' வேண்டாம். கடையில் என்னென்ன இருக்கிறது என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள், அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். உப்பு, பருப்பு, கடுகு, மிளகு. எதிரே விலையை அவனே போடட்டும். தான் சொன்ன சொல்லைத் தானே வாசிப்பது சுலபம். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது என்னிடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் கொரோனாவால் ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடமே வராத பிள்ளைகள். அந்த வருடம் இப்படித்தான் அவரவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கொண்டு வாசிப்புக்குள் இழுத்தேன். தைரியமாகச் செய்யுங்கள்.

இரண்டாம் வகுப்பு அம்மா

நான் டீச்சர் இல்லை, என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அதற்கு முன்னால் வேறு ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம், நாலு வயதில் தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள், அழுதுகொண்டே எழுதுவாள். இங்கே வீட்டுப்பாடமே பெரிதாக இல்லை என்றதும் முதலில் எனக்குப் பயம் வந்தது. என்ன நடத்துகிறார்கள் என்றே தெரியாதே.

அவள் டீச்சர் ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு குரல் பதிவு போடுவார். "இந்த வாரம் அளவு. வீட்டில் படி, டம்ளர், சாண், முழம் எதைக் கொண்டாவது அளக்க விடுங்கள்" என்று. அவ்வளவுதான். அந்த வாரம் என் மாமியாரும் அவளும் வாசல் முதல் கொல்லை வரை முழம் போட்டு அளந்தார்கள். பாட்டிக்கு ஒரு கணக்கு, பேத்திக்கு ஒரு கணக்கு வந்தது. ஏன் என்று கேட்டு அன்றைக்கு முழுக்க விடவில்லை. மறுநாள் வகுப்பிலும் போய் அதைச் சொல்லியிருக்கிறாள். எங்களை மாதிரி வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது, இந்த மாதிரி ஒன்று என்றால் செய்ய முடியும். நீங்களும் சொல்லி அனுப்புங்கள் டீச்சர். புளியங்கொட்டை கேட்டால் மூட்டையாகவே தருவோம்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

தங்கைக்கு வணக்கம். வேப்பமரத்தடி டீச்சர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒன்று சேர்க்கிறேன்.

2007இல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. அதற்கு முன்பே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இருந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் 'ஏணி' அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்வார்கள். பல வகுப்பு ஒரே அறையில் இருப்பது அப்போது குறையாகவே தெரியவில்லை. ஒரு மனக்குறை மட்டும் எனக்கு இருந்தது: ஆளாளுக்கு ஓர் அட்டை என்று ஆனபோது, எல்லோரும் சேர்ந்து ஒரு கதை கேட்பது குறைந்துபோயிற்று. இப்போது எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் கதைக்களம், பாடல் களம் என்று வைத்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் பள்ளிக் கட்டடம் பழையதா? அப்படியென்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து குழந்தையின் கை எட்டும் உயரம் வரை கறுப்பு வண்ணம் பூசிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். கீழ்மட்டக் கரும்பலகை என்போம். பீரோ, மூட்டை எதையாவது வைத்து மறைத்திருப்பார்கள். நகர்த்திப் பாருங்கள். குழந்தைக்குச் சிலேட்டைவிட அது நல்லது. எழுதினால் நாள் முழுக்க நிற்கும், நீங்கள் அறையின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம்.

புதுச்சிலேட்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஐயா சொன்னது சரிதான். பழைய பெஞ்சுகளுக்கும் அரிசிச் சாக்குக்கும் பின்னால் இருந்தது. ஜன்னல் பக்கச் சுவர் முழுக்க, வண்ணம் அங்கங்கே உரிந்து. தலைமை ஆசிரியர் தன் செலவில் ஒரு டப்பா கறுப்பு வண்ணம் வாங்கி வந்தார். சனிக்கிழமை நாங்கள் இருவரும் இரண்டு பெற்றோருமாகப் பூசினோம். 20 கட்டம் வந்தது, 19 பிள்ளைகளுக்குப் போக ஒன்று மிச்சம். அது எனக்கு என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று நிமிடம், மூன்று வாரமும் விடாமல் செய்தேன். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் இழுத்தது. நன்றாக வாசிக்கிறாள் என்று நான் நம்பியிருந்த ஒரு பெண் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லை இடம் மாற்றிக் காட்டினால் விழிக்கிறாள். பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால் இந்த வருடம் முழுக்கத் தெரிந்திருக்காது. அடுத்த திங்களிலிருந்து அவளோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதன் மதியம் புளியமரத்தடிக்குப் போகிறோம். ஜன்னலில் ஏறிய பையன்கள் குச்சிக் கட்டு கட்டுவதில் கில்லாடிகள்.

கடைப் பையன் இதுவரை 14 பொருள் சொல்லியிருக்கிறான், விலைப்பட்டியல் சுவரில் இருக்கிறது. போன செவ்வாய் 'உப்பு'வையும் 'பருப்பு'வையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இரண்டிலும் கடைசியில் இருக்கிற 'ப்பு'வை விரலால் மூடி, திறந்து, மறுபடி மூடினான். "டீச்சர், இதுவும் இதுவும் ஒண்ணு" என்றான். மூன்று மாதத்தில் எழுத்தைப் பற்றி அவனாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் 'செருப்பு' என்று கடையில் இல்லாத சொல்லைக் கொண்டுவந்தான்.

'ப' எழுதிய குழந்தைக்கு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிற கட்டம். முதல் நாளே அதை 'ப', 'ட', 'ம' என்று நிரப்பிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தங்கள் கட்டத்தை ஈரத்துணியால் துடைத்தார்கள். அது துடைக்கவில்லை, சுவரில் முதுகைச் சாய்த்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்ததும் நகர்ந்து வழிவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டிய பிறகு, தானே போய்த் துணியை எடுத்து வந்தது.

அடுத்த சந்தேகம் ஆங்கிலம் பற்றி. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.