புதுப்பிப்பு: காரைக்குடி அருகே ஆழ்துளைக் கிணறு – மின்தடை ஆய்வின் முடிவு

செம்புராங்கல் மூடிய எங்கள் தோட்டத்தில் மின்தடை ஆய்வு (தரையில் ஊன்றிய மின்முனைகள் வழியே மின்சாரம் செலுத்தி, நிலத்தடி அடுக்குகள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது) காட்டிய குறைதடை அடுக்கு உப்புநீரா, வெறும் களிமண்ணா என்று முன்பு கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரண்டுமே குறைந்த மின்தடையைத் தரும் என்பதால், அண்டைக் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்து ஒப்பிடுமாறு ஒருவர் சொன்ன யோசனையே கைகொடுத்தது. அந்த நீர் நன்னீராக இருந்ததால் அடுக்கைக் களி என்று கொண்டு, அதற்குக் கீழே தடை சற்று உயரும் மணற்கல் வரை துளையிட்டோம்; வெளிவந்த சேறு முதலில் விரலில் பிசுபிசுக்கும் வெளிர்நிறக் களியாகவும், பின்னர் நறநறக்கும் மணலாகவும் மாறியது. கிடைத்ததும் நன்னீர்தான்.

எதிர்பாராதது ஒன்று: காய்ந்த செம்புராங்கல்லில் மின்முனைகளுக்குத் தரைத்தொடர்பு சரியாகக் கிடைக்காமல் அளவீடுகள் தாறுமாறாக ஆடின, முனைகளைச் சுற்றி உப்புக் கரைசல் ஊற்றிய பின்னரே சீராயின. ஷ்லும்பர்ஜர் முறையில் (நடுப்புள்ளியின் இருபுறமும் மின்முனைகளை நேர்கோட்டில் விலக்கிக்கொண்டே போய் அளக்கும் முறை) தேடும் ஆழத்தைப் போலப் பல மடங்கு தூரம் கம்பி விரிக்க வேண்டியிருப்பதால், கம்பிவேலியும் புதைத்த இரும்புக் குழாயும் இல்லாத திசையைத் தேர்வதும் அவசியம்.