அவாஹி-டீமனை நிறுத்தலாமா? லினக்ஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் அப்பாவின் பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எந்தெந்த போர்ட் (நெட்வொர்க் தகவல் வந்துபோகும் வாசல்) திறந்திருக்கிறது என்று எஸ்எஸ் கட்டளையில் பார்த்தபோது, யுடிபி போர்ட் 5353-இல் 'அவாஹி-டீமன்' என்ற பின்னணி நிரல் ஒன்று காத்திருந்தது. நானாக அதை நிறுவவில்லை. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களோ என்று பயந்தே போனேன்.

நிறுவிய தொகுப்புகளைக் காட்டும் டிபிகேஜி கட்டளையில் தேடியதும் டெபியனின் சொந்தத் தொகுப்புதான் என்று தெரிந்தது, நிம்மதி. கையேட்டைப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது: வீட்டு நெட்வொர்க்கில் தனியாக டிஎன்எஸ் சர்வர் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இது உதவுகிறது. 'இந்தப் பெயர் யாருடையது?' என்ற கேள்வி 224.0.0.251 என்ற, பல கருவிகள் சேர்ந்து கேட்கும் பொது முகவரிக்குப் போகும், உரிய கருவி பதில் சொல்லும். 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

சரி, நிறுத்திப் பார்ப்போம் என்று சேவைகளை நிறுத்தும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கட்டளையைக் கொடுத்தேன். சாக்கெட் (மற்ற நிரல்கள் அதை அழைக்கும் இணைப்பு) வழியாக அது மறுபடி இயங்கக்கூடும் என்று எச்சரிக்கை வந்தது. அப்படியானால் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும், இல்லையா?

என் கவலை இதுதான். அப்பா நூலகத்தின் பொது வைஃபையிலும் இதைப் பயன்படுத்துவார். அங்கே இருக்கிற எல்லோருக்கும் கணினியின் பெயர் தெரியுமே! ஆனால் வீட்டில் வைஃபை பிரிண்டர் இருக்கிறது, அதைத் தானாகக் கண்டுபிடிப்பதும் இதன் வழியாகத்தான். அவாஹியின் கான்ஃபிக் கோப்பில் இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் கார்டு) வாரியாகத் தடுக்கலாம், ஆனால் வீட்டுக்கும் நூலகத்துக்கும் ஒரே வைஃபை கார்டுதான்.

வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் இது இயங்கும்படி செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஃபயர்வால்டி என்ற தடுப்பு நிரலில் நெட்வொர்க்குக்கு ஏற்ப விதி மாற்றும் 'ஸோன்' போதுமா? அல்லது இதை நிறுத்திவிட்டு பிரிண்டரின் ஐபியைக் கையால் கொடுப்பது நல்லதா?