உதவி: இரண்டு சர்வர், ஒரே ஃபோல்டர். ஒன்றில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது

சிப்புட்காரன்:
அவசரம். மலேசியா சுங்கை சிப்புட்டில் அம்மாவின் தீபாவளிப் பலகாரக் கடைக்கு வெப்சைட் நடத்துகிறேன், பின்னால் இரண்டு சர்வர். முறுக்குப் படம் ஏற்றினால் ஒரு தடவை தெரிகிறது, ரிஃப்ரெஷ் செய்தால் காணோம். அதனால் இரண்டு சர்வருக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் போட்டேன். அதை ஃபோல்டராக இணைத்தால் (மவுண்ட்) ஒரு சர்வரில் ஏறிவிட்டது, இன்னொன்றில் அப்படியே நிற்கிறது. ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது, யாராவது சொல்லுங்கள்.

பினாங்குப்பாலம்:
எந்த கிளவுட்? என்ன ஸ்டோரேஜ்? அப்படியே நிற்கிறது என்றால் பிழைச்செய்தி என்ன?

செம்பனைக்காடு:
இரண்டு சர்வரும் ஒரே விபிசியா, அதாவது கிளவுடுக்குள் ஒரே தனி நெட்வொர்க்கா? லினக்ஸ் எது? படங்கள் மட்டுமா, முழு சைட்டையுமே அதில் வைத்திருக்கிறீர்களா?

பழையலினக்ஸ்:
முறுக்கு விற்க இரண்டு சர்வரா? தம்பி, நாங்கள் 512 எம்பி ராமில் பத்திரிகையே நடத்தினோம். நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் என்எஃப்எஸ் என்றால் என்னவென்று முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

சிப்புட்காரன்:
போன தீபாவளிக்கு ஒரு சர்வர்தான் அண்ணே, கூட்டம் வந்ததும் படுத்துக்கொண்டது. அமேசான் கிளவுடின் ஈஎஃப்எஸ் (என்எஃப்எஸ் வழியில் பகிரும் ஸ்டோரேஜ்), சிங்கப்பூர் ரீஜன் (டேட்டா சென்டர் வட்டாரம்). வேர்ட்பிரஸ், அப்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும். மவுண்ட் கொடுத்தால் ரொம்ப நேரம் கழித்து "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்".

கிள்ளான்துறை:
சிங்கப்பூர்தான் கோளாறு. மலேசியாவுக்கென்று தனி ரீஜன் 2024 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அங்கே மாற்றுங்கள், எல்லாம் ஓடும்.

செம்பனைக்காடு:
சர்வரும் சிங்கப்பூர், ஸ்டோரேஜும் சிங்கப்பூர். அவை இரண்டும் பேசிக்கொள்வதற்கும் சுங்கை சிப்புட்டுக்கும் என்ன சம்பந்தம்? வாங்குகிறவருக்குப் பக்கம் கொஞ்சம் சீக்கிரம் திறக்கலாம், அவ்வளவுதான்.

கிள்ளான்துறை:
நம் தரவு நம் நாட்டில் இருக்க வேண்டாமா?

செம்பனைக்காடு:
அதிரசம் யார் எத்தனை வாங்கினார் என்பது நாட்டு ரகசியமா? எங்கள் தோட்டத்து லயத்தில் வாசல் படியில் நின்றால்தான் சிக்னல். ரீஜனை எங்கே மாற்றினாலும் அந்தப் படியை விட்டு நகர முடியாது.

பழையலினக்ஸ்:
இதற்கெல்லாம் அமேசானின் கோப்புக் கிடங்கு எஸ்3 போதும். படத்தைப் போடு, லிங்கைக் கொடு, முடிந்தது. குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் கிரானில், ஃபோல்டர்களை ஒன்றுபோலாக்கும் ஆர்சிங்க் ஓட்டினால் அதுவும் வேண்டாம்.

பினாங்குப்பாலம்:
எஸ்3 நல்லதுதான், ஆனால் வேர்ட்பிரஸ் அதை ஃபோல்டராகப் பார்க்காது, தனியாக பிளகின் வேண்டும். ஆர்சிங்க் இரண்டு பக்கமும் ஓடும்போது டெலீட் போட்டுவிட்டால் புதுப் படத்தையே துடைத்துவிடும். தீபாவளி நெருக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

தம்பி, டைம் அவுட் என்றாலே முதலில் ஃபயர்வாலைத்தான் பார்க்க வேண்டும். பெயரே தெரியவில்லை என்று வந்திருந்தால், அந்தச் சர்வர் இருக்கும் ஸோனில் (ரீஜனுக்குள் ஒரு பகுதி) மவுண்ட் டார்கெட், அதாவது ஈஎஃப்எஸுக்குள் நுழையும் வாசல், இல்லை என்று சந்தேகப்படலாம். உங்களுக்கு முகவரி கிடைத்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை. ஈஎஃப்எஸ் பேசுவது டிசிபி போர்ட் 2049இல். மவுண்ட் டார்கெட்டின் செக்யூரிட்டி குரூப்பில் (அமேசானின் ஃபயர்வால் விதித் தொகுப்பு) உள்வரும் விதியைப் பாருங்கள். முதல் சர்வரின் குரூப்புக்கு மட்டும் வழிவிட்டிருப்பீர்கள். இரண்டாவதை வேறு குரூப்பில் எழுப்பினீர்களா? அதிலிருந்து நெட்கேட் (போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்து 2049ஐத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சிப்புட்காரன்:
ஆமாம், வேறு குரூப். சேர்த்ததும் மவுண்ட் ஆகிவிட்டது! ஆனால் இப்போது இரண்டாவது சர்வரில் படம் ஏற்றினால் "பெர்மிஷன் டினைட்".

செம்பனைக்காடு:
அதற்குத்தான் லினக்ஸ் எது என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

சிப்புட்காரன்:
முதலாவது உபுண்டு. இரண்டாவது அமேசான் லினக்ஸ், அப்பாச்சி.

செம்பனைக்காடு:
அப்படிச் சொல்லுங்கள். உபுண்டுவில் வெப் சர்வர் ஓடுவது 33ஆம் எண் பயனராக, அமேசான் லினக்ஸில் அப்பாச்சிக்கு எண் 48. என்எஃப்எஸ் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். 33க்குச் சொந்தமான ஃபோல்டரில் 48 எழுதப் போனால் விடாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஃபோல்டரைத் திறந்துவிடும் 777 போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். ஈஎஃப்எஸ் ஆக்சஸ் பாயிண்ட் வைத்து எல்லாரையும் ஒரே எண்ணாக எழுத வைக்கலாம். ஆனால் உங்கள் அவசரத்துக்கு, முதல் சர்வரை அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுத்து அதிலிருந்தே இரண்டாவதை எழுப்புவதுதான் சுலபம்.

பழையலினக்ஸ்:
777 போட்டால் இரண்டு நிமிட வேலை. சின்னக் கடைக்கு இவ்வளவு பாடமா?

பினாங்குப்பாலம்:
ஒரே ஒரு பிளகினில் ஓட்டை இருந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் முறுக்குக் கடை சூதாட்டக் கடையாகிவிடும்.

கிள்ளான்துறை:
எப்படியும் இமேஜ் எடுக்கத்தானே போகிறார், அதை மலேசியா ரீஜனுக்கே காப்பி செய்யலாமே.

சிப்புட்காரன்:
இமேஜிலிருந்து எழுப்பினேன். இரண்டிலும் படம் வருகிறது. நன்றி அண்ணே. அம்மா அச்சு முறுக்குப் படம் ஏற்றச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

பினாங்குப்பாலம்:
ஒரு நிமிடம். சர்வர் எழும்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் எழுதினீர்களா? அந்த வரியில் நெட்டெவ் (நெட்வொர்க் வரும்வரை காத்திரு), நோஃபெயில் (ஏறாவிட்டாலும் சர்வர் எழட்டும்) இரண்டும் இருக்கிறதா? கையால் மவுண்ட் செய்து அப்படியே விட்டிருந்தால், சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் படமெல்லாம் மறுபடியும் காணாமல் போகும்.

பினாங்குப்பாலம்:
தம்பி?

பழையலினக்ஸ்:
முறுக்கு சுடப் போய்விட்டார். எஸ்3 என்று நான் அப்போதே சொன்னேன்.