புதுப்பிப்பு: படகு இழுக்க டபுள் கெப் எடுத்தாச்சு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கரையிலிருந்து ட்ரெய்லரோடு படகை இழுக்கப் பழைய டபுள் கெப் (நாலு கதவு பிக்கப்) எது நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் எடுத்தது 2008 டொயோட்டா ஹைலக்ஸ், மூன்று லீற்றர் டீசல், நாலு வீலும் இழுக்கும்.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்றிருந்தது. மச்சான் கீழே படுத்துச் சுத்தியலால் சேசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டினான். துரு பொலபொலவென்று கொட்டியது. கடற்கரையில் ஓடிய வண்டி, வேறென்ன!

எடுத்ததில் கிளட்ச் மட்டும் மாற்றினேன். முதல் நாளே ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடியது. பாரம் பின்னுக்கு இருந்திருக்கிறது. ட்ரெய்லரும் படகும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் இழுவைக் கொக்கியில் இறங்கும்படி படகை முன்னுக்குத் தள்ளிக் கட்டினேன், சரியாகிவிட்டது. மணலில் ஏற லோ கியர்தான் (வேகம் குறையும், இழுவை கூடும்). அப்புறம், வீட்டுக்கு வந்ததும் கடல் உப்புப் போக சேசிக்கு நல்ல தண்ணீர்க் குளிப்பு.