சர்க்கரைக்குக் கடற்பாசி மாத்திரை: "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ரோஸ்ஹில் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மேட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். அரசு ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம், மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் இந்த ஊரில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை என்பதால் வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது.

அப்பா தினமும் காலையில் வாசலில் பூத்திருக்கும் சப்போனேர் இலையைப் பறித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதேதான். இது போதாதென்று போன வாரம் தெரிந்தவர் ஒருவர் கடற்பாசி மாத்திரை ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே வந்த துண்டுச் சீட்டில் "பழுப்புக் கடற்பாசிச் சாறு. ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது. அகார்போஸ் மருந்தைவிடப் பல மடங்கு வலிமை. புற்றுநோய் செல்களையும் அழிக்கும்" என்று இருக்கிறது. இயற்கையானது, பக்கவிளைவே இல்லை என்றும் போட்டிருக்கிறார்கள்.

"மாத்திரை எல்லாம் கெமிக்கல், இது நம்ம கடல்ல விளைஞ்சது" என்கிறார் அப்பா. அவரோடு சண்டை போட எனக்கு மனம் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால், அதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

மருந்தாளர் போர்ட் லூயி:

சுருக்கமாகச் சொல்கிறேன் தங்கச்சி. கிளிக்லசைடு சாப்பிடுகிறவர் சர்க்கரையைக் குறைக்கும் என்று வேறு எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. அந்தப் பொருள் வேலை செய்யவில்லை என்றால் காசு போச்சு, அவ்வளவுதான். வேலை செய்துவிட்டால்தான் ஆபத்து, சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அறிகுறி. வயதானவர் என்றால் ராத்திரி தூக்கத்தில் வந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் மர்கோஸ், அதாவது பாகற்காய், ஜூஸ் குடிக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பாகற்காய்க்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டா என்று 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு அலசிப் பார்த்து, முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது.

செடிச்சாறு:

மீனா, நான் டாக்டர் இல்லை. ரெதுய் பக்கம் ஓர் ஆய்வகத்தில் செடியிலும் கடற்பாசியிலும் சாறு எடுத்துப் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டின் வாசகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சோறோ ரொட்டியோ, மாவுப் பொருள் குடலில் சர்க்கரையாக உடைவதற்கு ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்கிற நொதி வேண்டும். அதைத் தடுத்தால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை மெதுவாக ஏறும். அகார்போஸ் மருந்து செய்வது இதைத்தான். ஒரு சாறு இந்த நொதியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது ஒரு காலை வேலை. உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழி. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் நொதி, கொஞ்சம் சாறு, அதோடு நொதி உடைத்தால் மஞ்சளாக மாறும் ஒரு பொருள். சாறு நொதியைத் தடுத்துவிட்டால் மஞ்சள் வராது. எந்தக் குழி எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதைக் கருவி படித்துச் சொல்லும்.

இப்போது அந்த "பல மடங்கு வலிமை"க்கு வருகிறேன். இந்தச் சோதனைக்குப் பலரும் வாங்குவது ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி. விலை குறைவு, சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அகார்போஸ் ஈஸ்ட் நொதியை அவ்வளவாகத் தடுக்காது. மனிதன், எலி போன்ற பாலூட்டிகளின் குடல் நொதியைத்தான் அது இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஈஸ்ட் நொதியை வைத்து ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்தத் துவர்ப்பான சாறும் அகார்போஸை ஜெயித்துவிடும். இப்படி ஜெயித்ததாகச் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். அதில் பொய் எதுவும் இல்லை, குழியில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் கத்தரித்து டப்பாவில் ஒட்டுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. பழுப்புக் கடற்பாசியில் ஃப்ளோரோடானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. கடுக்காயை வாயில் அடக்கினால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா, எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் அப்படி ஆகிறது. டானினுக்கு இந்தப் புரதம் அந்தப் புரதம் என்கிற பேதம் பெரிதாகக் கிடையாது, குழியில் இருக்கும் நொதியையும் அப்படியே பற்றும். அது மருந்துக் குணமா, வெறும் ஒட்டலா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

"புற்றுநோய் செல்களை அழிக்கும்" என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டில் சோதிக்கும்போது ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாறு என்பது வழக்கமான அளவு. ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதே செறிவு வேண்டும் என்றால் அரை கிராம் சாறு, குடலில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், முழுசாக ரத்தத்தில் வந்து நிற்க வேண்டும். எந்த மாத்திரைக்கும் அது நடக்காது. அதே அளவில் நல்ல செல்களை வைத்துப் பார்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விகளைத் தாண்டி வந்தால்தான் எலி, அதற்கப்புறம்தான் மனிதர்.

இனி அப்பாவின் சப்போனேர். எனக்குப் பயம் தருவது கடற்பாசியைவிட இதுதான்.

1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் 25 இலைகள் வந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இந்த இலையில்தான் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார், அவர் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள், வெள்ளை அணுக்களை இப்படி வீழ்த்துகிற பொருள் ரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா என்று கேட்டார்கள். நோபிளும் சார்லஸ் பியரும் பிரித்தெடுத்த அந்தப் பொருள் 1958-இல் வெளியானது, பெயர் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து எலி லில்லி நிறுவனம் எடுத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் உலர்ந்த இலை வேண்டும் என்பார்கள்.

இதை அப்பாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் வாசலில் இருப்பது சாதாரணச் செடி இல்லை, எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்த செடி. அதனால்தான் அளவு தெரியாமல் கொதிக்க வைத்துக் குடிக்கக் கூடாது. அதில் ஆல்கலாய்டு என்கிற வீரியமான வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எந்த இலையில் எது எவ்வளவு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும்.

"மாத்திரை கெமிக்கல்" என்கிறாரே, அவர் சாப்பிடும் மேட்ஃபார்மினும் ஒரு செடி காட்டிய வழியில் வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அதில் உள்ள கலேகினுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு, ஆனால் நச்சும் உண்டு. அதன் உறவுக்காரப் பொருள்களைச் செய்து பார்த்து, நச்சு குறைந்த ஒன்றை 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அந்த ஒன்றுதான் அப்பாவின் மாத்திரை.

திரியோலே வாத்தியார்:

அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. என் பாட்டி வயிற்றுக் கோளாறுக்கு அயாபனா இலையும், காய்ச்சலுக்கு ஃபந்தமான் இலையும் கொடுத்து எங்களை வளர்த்தவர். போர்ட் லூயி சந்தையில் இன்றைக்கும் இந்த இலைகளைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். எந்த மாதம் பறிப்பது, காய்ச்சுவதா ஊறவைப்பதா, எதோடு சேர்த்துக் கொடுப்பது என்று அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. நீங்கள் மெத்தனாலில் ஊறவைத்துத் தட்டில் ஊற்றுகிறீர்கள். வேலை செய்யவில்லை என்றால் பாட்டி சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? சோதனை செய்த முறை தப்பாக இருக்கக் கூடாதா?

செடிச்சாறு:

ஐயா, நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். சீனாவில் தூ யூயூ என்ற விஞ்ஞானிக்கு இதேதான் நடந்தது. மலேரியாவுக்குப் பழைய நூல்கள் சொன்ன மூலிகையை அவருடைய குழு சோதித்தபோது ஒரு நேரம் பலன் தெரிந்தது, மறுநேரம் தெரியவில்லை. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் கே ஹோங் என்ற வைத்தியர் எழுதிய குறிப்பை அவர் திரும்பப் படித்தார். அதில் ஒரு கைப்பிடித் தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் இருந்தது, காய்ச்சு என்று இல்லை. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, 1971-இல் ஈதர் என்ற கரைப்பானை வைத்துக் குறைந்த சூட்டில் சாறு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அப்படித்தான் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. முறையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் நல்ல செடியும் தோற்றுப்போகும். அதனால் பாட்டி எப்படிச் செய்தார் என்பதை வரி வரியாக எழுதி வையுங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நீங்கள் சொன்ன ஃபந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீயூனியனில் அதை ஷாஞ்ழ் எகோர்ஸ் என்பார்கள். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அதன் சாறு ஜிகா வைரஸை மனித செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று 2018-இல் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2006-இல் சிக்குன்குன்யா இந்தத் தீவுகளைப் படுத்தியபோது வீட்டுக்கு வீடு இலை காய்ச்சியது நினைவிருக்கும். ஆனால் அந்த ஆய்வு தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. ஜிகா வந்த ஒருவர் அந்தத் தேநீரைக் குடித்தால் குணமாகுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் பாட்டிக்கும் நல்லதில்லை, ஆராய்ச்சிக்கும் நல்லதில்லை.

கடற்பாசியில் முறை இன்னும் முக்கியம். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறையிலிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியை எடுத்து வந்தால், நாள் பூராவும் குழாயடியில்தான் இருப்போம். கிளை கிளையாக மென்மையான பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். காற்றுப் பைகளுக்கு நடுவே மணல், கடுகளவு நத்தை, புழு, மேலே படர்ந்த வேறொரு சின்னப் பாசி எல்லாம் இருக்கும். அந்தச் சின்னப் பாசியை விட்டுவிட்டால், சாற்றில் தெரிகிற குணம் எதனுடையது என்று யார் சொல்ல முடியும்? ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எங்கே, எப்போது எடுத்தது என்று சீட்டு எழுதிப் பாதுகாத்து வைப்போம், நாளைக்கு இன்னொருவர் சரிபார்க்க. பிறகு நிழலில் உலர்த்தி, பொடித்து, ஊறவைத்து வடிகட்டி, குடுவையைச் சுழற்றி ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் கருவியில் 40 டிகிரியில் கரைப்பானை இழுத்தால், குடுவையின் அடியில் கரும்பச்சைப் பிசின் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் முதல் சோதனையே. மாத்திரை டப்பாவில் இனத்தின் பெயரோ, எந்தக் கடல் என்பதோ போடாதவர்கள் இதையெல்லாம் செய்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ரோஸ்ஹில் மீனா:

அக்கா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மேட்ஃபார்மின் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சப்போனேரை நிறுத்துகிறேன் என்றார், செடியை மட்டும் பிடுங்கக் கூடாதாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடற்பாசி டப்பாவையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுவோம்.

ஒரு புது விஷயம். அந்த மாத்திரையை அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாராம், உடம்பு இளைக்கும் என்று யாரோ சொல்லி. அம்மா தைராய்டுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர். இது பரவாயில்லையா?

செடிச்சாறு:

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பழுப்புக் கடற்பாசி கடல் நீரிலிருந்து அயோடினை இழுத்துச் சேர்த்து வைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கெல்ப் என்கிற பெரிய பழுப்புக் கடற்பாசி வகைகளில் ஒரு கிராம் பொடியிலேயே ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கலாம். தைராய்டு கோளாறு உள்ளவருக்கு அது கூடினாலும் குறைந்தாலும் தொல்லை. சில வகைகளில் ஆர்செனிக்கும் சேரும், ஹிஜிகி என்ற பாசியைச் சாப்பிடவே வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் துறை சொல்லியிருக்கிறது. டப்பாவில் அயோடின் அளவு, இனத்தின் பெயர், உலோகப் பரிசோதனை இந்த மூன்றில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மாவின் டாக்டருக்குப் போன் போட்டு, எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வழக்கமான தைராய்டு மாத்திரையை அம்மாவாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு படபடப்போ கை நடுக்கமோ இருந்தால் நாளைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மருந்தாளர் போர்ட் லூயி:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அம்மா வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. கடற்பாசியில் வைட்டமின் கே இருக்கும், அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.

ரோஸ்ஹில் மீனா:

வார்ஃபரின் இல்லை அண்ணா. டப்பாவில் இனத்தின் பெயரும் இல்லை, அயோடின் அளவும் இல்லை. டாக்டருக்கு இப்போதே போன் போடுகிறேன்.